'டேக் எ பண்ட்' என்றால் செய் என்றா, விடு என்றா?

மூன்றாம் ஷிஃப்ட்:
ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உடனே காப்பாற்றுங்கள். சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறேன். எங்கள் வாடிக்கையாளர் தரப்பில் இரண்டு தலைகள். மெல்பர்னில் ஓர் அம்மா, டெக்சாஸில் ஓர் ஐயா. பழைய கட்டணப் பக்கத்தைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று போடலாமா, போட்டால் ஓடுமா என்று ஒரு வாரமாக மெயில் போய்க்கொண்டிருந்தது. நேற்று ராத்திரி மெல்பர்ன் அம்மா எழுதினார்: 'லெட்ஸ் டேக் எ பண்ட் ஆன் இட்.' ஒரு மணி நேரம் கழித்து அதற்குக் கீழே டெக்சாஸ் ஐயா: 'ஃபைன், லெட்ஸ் பண்ட்.' அவ்வளவுதான், இரண்டு பேரும் தூங்கப் போய்விட்டார்கள்.

இப்போது என் குழுவில் பாதிப் பேர் வேலையைத் தொடங்கு என்கிறார்கள், பாதிப் பேர் அந்த வேலைக்காகப் பதிவு செய்திருந்த டிக்கெட்டை மூடு என்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி அதை ஃபண்ட் என்று படித்துவிட்டுப் பணம் வந்துவிட்டதா என்று கேட்டான். நான் என்ன செய்ய?

அரைவேக்காடு:
இதில் என்ன குழப்பம்? பண்ட் என்றால் பந்தைக் கையிலிருந்து விட்டு, தரையில் படுவதற்குள் உதைப்பது. எங்கே போய் விழும் என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு ஓர் உதை. அதுதான் டேக் எ பண்ட். உதைத்துப் பார்ப்போம், அதாவது செய்து பார்ப்போம். இருவரும் செய் என்றுதான் சொல்கிறார்கள். வேலையைத் தொடங்குங்கள்.

டல்லாஸ் வெயில்:
தொடங்கிவிடாதீர்கள்! அமெரிக்காவில் 11 வருடமாகக் குப்பை கொட்டுகிறேன், எங்கள் மீட்டிங்குகளில் வாரம் இரண்டு முறையாவது இந்த வார்த்தை வரும். 'லெட்ஸ் பண்ட்' என்றால் இப்போதைக்கு வேண்டாம், தள்ளிப் போடு, தலைவலியை அடுத்த காலாண்டுக்குத் தூக்கிக் கொடு என்று பொருள்.

உதை என்பது சரிதான், ஆனால் எந்த ஆட்டத்தின் உதை என்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணிக்கு 10 கெஜம் முன்னேற 4 வாய்ப்பு. மூன்று முடிந்தும் தூரம் கடக்கவில்லையென்றால் நான்காவதில் ரிஸ்க் எடுக்க மாட்டார்கள். இங்கேயே பந்தைப் பறிகொடுத்தால் நம் கோட்டைக்குப் பக்கத்திலேயே எதிராளி ஆட்டத்தைத் தொடங்கிவிடுவான். அதனால் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் உதைத்து, பந்தை எதிராளியிடமே கொடுத்துவிடுகிறார்கள். அதுதான் பண்ட். ஆக அது துணிச்சல் அல்ல, துணிச்சல் வேண்டாம் என்று எடுக்கும் முடிவு. ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு சொல்லாமல் நழுவினால் இங்கே பத்திரிகைகள் 'கோர்ட் பண்ட் செய்தது' என்றுதான் தலைப்புப் போடும். இங்குள்ள எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டை அல்ல) மாணவர்கள் விழுந்து விழுந்து படிப்பதை டூல் என்றும், படிப்பை ஓரம் கட்டிவிட்டு ஊர் சுற்றுவதைப் பண்ட் என்றும் சொல்வார்கள். நிரல் எழுதுகிறவர்களின் கொச்சையிலும் ஒரு வசதியைச் சேர்க்காமல் விட்டுவிடுவதற்கு இதே சொல்தான்.

டெக்சாஸ் ஐயா டிக்கெட்டை மூடச் சொல்கிறார். சந்தேகமே வேண்டாம்.

யாராக் கரை:
மெல்பர்னிலிருந்து எழுதுகிறேன். (பெயரைப் பார்த்து யாரா என்று கேட்காதீர்கள், இங்கே ஓடும் ஆற்றின் பெயர் அது.) டெக்சாஸ்காரர் மூடச் சொல்லலாம், ஆனால் அந்த அம்மா திறக்கச் சொல்கிறார். ஆஸ்திரேலியாவில் 'டேக் எ பண்ட்' என்றால் துணிந்து இறங்கு, கொஞ்சம் காசு போனாலும் போகட்டும் என்பதுதான். இங்கே பண்ட் என்றால் முதலில் குதிரைப் பந்தயம்.

நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை மெல்பர்ன் கோப்பை. 1861இல் தொடங்கியது, இப்போது 3200 மீட்டர் ஓட்டம், ஒரு குதிரைப் பந்தயத்துக்காக இந்த ஊருக்கே பொது விடுமுறை. நான் வந்து சேர்ந்த வருடம் அலுவலகத்தில் ஒரு தொப்பியை நீட்டி, சீட்டு எடு, 5 டாலர் கொடு என்றார்கள். குதிரைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தேன். 'ஜஸ்ட் ஹேவ் எ பண்ட்' என்றார் பக்கத்து மேசைக்காரர். அன்றுதான் இந்தச் சொல் எனக்கு அறிமுகம். குதிரை கடைசியில் வந்தது, அது வேறு கதை.

அப்புறம் வெறும் ஊகத்துக்கும் இதைச் சொல்வார்கள். விடை தெரியாத கேள்விக்கு 'ஐ வில் டேக் எ பண்ட், 1950?' என்பார்கள். குருட்டாம்போக்கில் ஒன்று சொல்கிறேன் என்று அர்த்தம்.

மூன்றாம் ஷிஃப்ட்:
அக்கா, டல்லாஸ் அண்ணா, இரண்டு பேரும் சொல்வது சரி என்றால் என் நிலைமை இன்னும் மோசம். ஒருவர் செய் என்கிறார், அதற்கு இன்னொருவர் சரி, விட்டுவிடுவோம் என்கிறார், இருவரும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு ஒத்துப்போய்விட்டதாக நினைத்துக்கொண்டு தூங்குகிறார்கள்!

கடைசி பெஞ்ச்:
உலகத்தில் பாதிக் கல்யாணம் இப்படித்தான் நடக்கிறது.

கடைசி பெஞ்ச்:
சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரிக்கி பாண்டிங்கைப் பண்டர் என்று கூப்பிடுவார்களே, அது இந்தப் பண்ட்தானா? பாண்டிங், பண்டிங், பண்டர் என்று பெயரைத் திரித்த செல்லப்பெயர் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாராக் கரை:
அதே பண்ட்தான். பாண்டிங்குக்கு நாய்ப் பந்தயப் பைத்தியம், கிரேஹவுண்டு. இளவயதில் கிரிக்கெட் அகாடமியில் இருந்தபோதே பந்தயம் கட்டப் போய்விடுவாராம். அதைப் பார்த்து ஷேன் வார்ன் வைத்த பெயர். பெயர் ஒலி ஒத்துப்போனது ஒரு போனஸ்.

அரைவேக்காடு:
அப்படியானால் ஆஸ்திரேலியாவிலும் பந்தை உதைப்பதைப் பண்ட் என்கிறார்களே? டிராப் பண்ட் என்று ஓர் உதை இருக்கிறது, யூட்யூபில் பார்த்தேன். பந்து எங்கே போகும் என்று தெரியாது, பந்தயக் குதிரையும் ஜெயிக்குமா என்று தெரியாது. உதையிலிருந்துதான் பந்தயம் வந்திருக்க வேண்டும். நான் சொன்னதே சரி.

யாராக் கரை:
டிராப் பண்ட் எங்கே போகும் என்று தெரியாதா? இங்குள்ள ஆட்டக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள். மற்ற உதைகளை ஓரம் கட்டிவிட்டு அதையே எல்லாரும் உதைப்பது, அதுதான் மிகத் துல்லியம் என்பதால்தான்.

இன்னொரு வேடிக்கை. மெல்பர்னில் பண்ட் ரோடு என்று ஒரு பெரிய சாலை உண்டு, சாயங்காலம் மாட்டினால் வீடு போய்ச் சேர ஒரு மணி நேரம். அதன் ஓரத்தில் ஒரு கால்பந்து மைதானம், அதற்கும் பண்ட் ரோடு ஓவல் என்றே பெயர். உதைக்கிற பண்ட்டால் வந்த பெயர் என்று நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். பாலம் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் யாரா ஆற்றைக் கடக்க ஒரு தட்டையான ஓடம் விட்டிருந்தார்கள், அதன் பெயரும் பண்ட். ஆக ஓடத்தின் பெயர் வைத்த சாலையில், உதைக்கிற மைதானத்தைத் தாண்டி, குதிரைக்குப் பணம் கட்டப் போகிறார்கள் எங்கள் ஊர்க்காரர்கள்.

பிரமிடு பைத்தியம்:
யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பழைய எகிப்தியர்களுக்குப் பண்ட் என்றே ஒரு நாடு தெரியும். ராணி ஹட்ஷெப்சுட் அங்கே கப்பல்களை அனுப்பி வாசனை மரக்கன்றுகளை வேரோடு கொண்டுவந்தார், டெய்ர் எல்-பஹரி கோயில் சுவரில் அந்தப் பயணம் முழுதும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். லாபம் நிச்சயமில்லாத தூரத்துப் பயணம்! அதுதான் 'டேக் எ பண்ட்'. அதோடு ஐரோப்பாவில் பாரோ என்றே ஒரு சூதாட்டம் இருந்திருக்கிறது, எகிப்து அரசனின் பட்டப்பெயர். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

சாக்பீஸ்:
34 வருடம் ஆங்கிலம் நடத்தியவன், ஓய்வு பெற்றும் கை சும்மா இருப்பதில்லை. தம்பி பிரமிடு, நீர் தப்பான சாலையில் போய்ச் சரியான வீட்டு வாசலில் நிற்கிறீர். பாரோ சீட்டாட்டம்தான் இந்தச் சொல்லின் பிறந்த வீடு. பண்ட் நாட்டுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. காரணம் சொல்கிறேன். பந்தயம் கட்டுகிற பண்ட் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. எகிப்திய எழுத்தைச் சாம்போலியன் படித்துக் காட்டியது 1822இல். எழுத்தையே படிக்கத் தெரியாத காலத்தில் லண்டன் சூதாடிக்கு அந்த நாட்டின் பெயர் எப்படித் தெரிந்திருக்கும்? ஒலியைப் பார்த்துச் சொல்லுக்குத் தாய் தகப்பன் தேடினால் இப்படித்தான் ஆகும். முதலில் தேதியைப் பார்க்க வேண்டும்.

பாரோ எப்படி ஆடினார்கள் என்று தெரிந்தால் சொல்லும் தானாகப் புரியும். நம் ஊர் மங்காத்தா தெரியும் அல்லவா, உள்ளே வெளியே? அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒருவர் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருப்பார், அவர்தான் பாங்கர். மேசையில் ஏஸ் முதல் ராஜா வரை ஒரு ஜாதியின் 13 சீட்டும் வரைந்திருக்கும். சுற்றி இருக்கிறவர்கள் எந்தச் சீட்டின் மேல் வேண்டுமானாலும் காசு வைக்கலாம். பாங்கர் இரண்டு இரண்டு சீட்டாகத் திருப்புவார். முதலில் வருவது பாங்கருக்கு, அதாவது ஏழு வந்தால் ஏழின் மேல் வைத்த காசெல்லாம் அவருக்கு. இரண்டாவது வருவது கட்டியவனுக்கு, வைத்த காசுக்குச் சமமாக அவனுக்குக் கிடைக்கும். ஸ்பேடா ஹார்ட்டா என்பதெல்லாம் கணக்கில்லை, எண் மட்டும்தான். இரண்டும் ஒரே எண்ணாக வந்துவிட்டால் பாங்கர் பாதியை எடுத்துக்கொள்வார். அந்தப் பாதியில்தான் அவருடைய பிழைப்பு.

இப்படிப் பாங்கருக்கு எதிரே உட்கார்ந்து காசு வைக்கிறவனுக்குப் பிரெஞ்சில் பொன்த் என்று பெயர், காசு வைப்பதற்குப் பொன்தே. ஸ்பானிய மொழியின் புந்தோ, அதாவது புள்ளி என்ற சொல்லோடு அதற்கு உறவு சொல்கிறார்கள். பொன்தே ஆங்கிலக் காதில் பண்ட் ஆயிற்று, கட்டுகிறவன் பண்டர் ஆனான். இன்றைக்கும் சூதாட்ட விடுதிகளில் பக்கரா ஆட்டத்தின் ஒரு வகைக்குப் புந்தோ பாங்கோ என்றுதான் பெயர். புந்தோ ஆடுகிறவன், பாங்கோ பாங்கி. அதே பழைய ஜோடி.

ஆகவே உதைக்கிற பண்ட் வேறு, ஓடமான பண்ட் வேறு. ஓடத்துக்குத் தாய் பொன்தோ என்ற லத்தீன் சொல், தட்டைப்படகு என்று பொருள். மூன்றும் மூன்று வீட்டுப் பிள்ளைகள், ஒரே பள்ளிச் சீருடை. அமெரிக்கர் உதையை எடுத்துக்கொண்டார், ஆஸ்திரேலியர் சீட்டாட்டத்தை எடுத்துக்கொண்டார், நம் மூன்றாம் ஷிஃப்ட் நடுவில் மாட்டிக்கொண்டார்.

அரைவேக்காடு:
சார், அமெரிக்காவிலும் பாரோ ஆடியிருக்கிறார்கள், கௌபாய் படங்களில் வருகிறதே. அப்புறம் ஏன் அங்கே பந்தயப் பண்ட் இல்லை? உங்கள் கதையில் ஓட்டை இருக்கிறது.

சாக்பீஸ்:
நல்ல கேள்வி, இந்த இழையில் நீர் கேட்ட முதல் நல்ல கேள்வி. ஆடினார்கள், வெறியாக ஆடினார்கள். வயட் அர்ப், டாக் ஹாலிடே எல்லாம் துப்பாக்கி நேரம் போக மற்ற நேரத்தில் பாரோ மேசையில் சீட்டுப் போட்டவர்கள்தாம். ஆனால் பாங்கிக்கு எதிராகக் காசு வைப்பதை அங்கே 'புலியோடு முட்டுவது' என்றார்கள். அந்த ஆட்டம் 20ஆம் நூற்றாண்டில் செத்தது, புலியும் அதோடு போயிற்று. உதைக்கிற பண்ட் மட்டும் ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் வருகிறது. எந்தச் சொல் நிலைக்கும் என்பதை அகராதியா தீர்மானிக்கிறது?

டல்லாஸ் வெயில்:
இன்னொரு பண்டர் நினைவுக்கு வருகிறது. 90களில் ஏ.ஓ.எல். என்ற இணையச் சேவையின் காலத்தில் அரட்டையில் பிடிக்காதவர்களை இணைப்பிலிருந்தே உதைத்து வெளியே தள்ள சின்னச் சின்ன நிரல்கள் இருந்தன, அவற்றுக்குப் பண்டர் என்று பெயர். நானும் ஒருமுறை உதைபட்டிருக்கிறேன். அதுவும் உதை வகைதான்.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:
இவ்வளவு கதைத்தும் இங்கிலாந்துப் பக்கம் ஒருவரும் வரவில்லை. நான் லண்டனில் ஒரு பந்தயக் கடையில் ஒன்பது வருடம் காசாளராக நின்றவன், எங்களுக்குக் கடைக்குள் வருகிற ஆள் எல்லாம் பண்டர்தான். சாமானியன் தெருவில் ஒரு கடைக்குள் போய்ச் சட்டப்படி குதிரைக்குக் காசு கட்டலாம் என்று வந்ததே 1961 மே 1ஆம் தேதிதான். அதற்கு முன்னம் ஒளித்து ஒளித்து, மூலைக்கு ஓர் ஆளை நிறுத்தி வாங்கினார்கள். கடையைத் திறக்க விட்டாலும் உள்ளுக்கு ஒரு சுகமும் இருக்கக் கூடாது என்று சட்டம். 80களின் நடுப்பகுதி வரைக்கும் டிவி இல்லை, தேத்தண்ணி இல்லை. காசைக் கட்டினாயா, வெளியில் போ, அவ்வளவுதான். கெட்ட பழக்கத்தைச் சகிக்கலாம், ஊக்குவிக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள்.

தம்பி மூன்றாம் ஷிஃப்ட், ஒன்றைக் கவனித்துக்கொள்ளும். பண்டர் என்ற சொல் இங்கே வழுக்கி வழுக்கி எங்கேயோ போய்விட்டது. முதலில் பந்தயம் கட்டுகிறவன், பிறகு எந்தக் கடைக்கும் வருகிற வாடிக்கையாளன், நாடகம் பார்க்க வந்தவன், மதுக்கடைக்கு வந்தவன், பாலியல் தொழில் செய்பவரிடம் போகிறவன் வரைக்கும். ஆனபடியால் இதைப் படித்த உற்சாகத்தில் உங்கட வாடிக்கையாளருக்கு 'டியர் பண்டர்' என்று மெயில் போட்டு விடாதேயும்.

மற்றது, பண்ட் வேறு, ஃபிளட்டர் வேறு. ஏப்ரலில் லிவர்பூலுக்குக் கிட்ட எயின்ட்ரியில் கிராண்ட் நேஷனல் ஓடும், 30 வேலி தாண்ட வேண்டும். அன்றைக்கு மட்டும் வருடம் முழுக்கப் பந்தயக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத கிழவிகள் எல்லாம் வந்து, பெயர் வடிவாக இருக்கிறது, சட்டை நிறம் வடிவாக இருக்கிறது என்று ஒரு பவுண்டு இரண்டு பவுண்டு கட்டுவார்கள். அதை 'ஹேவிங் எ ஃபிளட்டர்' என்பார்கள். சிறகடிக்கிற மாதிரி, நெஞ்சு கொஞ்சம் படபடத்தால் போதும். பண்ட் என்றால் அதைவிடக் கொஞ்சம் கனம். அவனிடம் ஒரு கணக்கு இருக்கும், பிழையான கணக்காகவும் இருக்கலாம்.

சில வேளை கணக்கே இல்லாத குதிரையும் வெல்லும். 1967இல் ஃபொய்னவன் என்று ஒரு குதிரை, விலை ஒன்றுக்கு நூறு. ஒருவரும் மதிக்கவில்லை. 23ஆவது வேலியில் ஆள் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு குதிரை குறுக்கே திரும்ப, பின்னால் வந்தது எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று முட்டிக் குவிந்துவிட்டது. ஃபொய்னவன் மிகவும் பின்னுக்கு வந்துகொண்டிருந்தபடியால் ஓட்டுகிறவருக்கு இடைவெளி பார்த்துத் தாண்ட நேரம் கிடைத்தது. தாண்டினார், வென்றார். இன்றைக்கு அந்த வேலிக்கே ஃபொய்னவன் என்றுதான் பெயர். எங்கட கடையில் ஒரு வயதான ஆள் ஒவ்வொரு ஏப்ரலும் ஒன்றுக்கு நூறு குதிரைதான் கட்டுவார். கேட்டால் ஃபொய்னவன் என்று ஒரு சொல் மட்டும் சொல்லுவார்.

கடைசி பெஞ்ச்:
பின்தங்கி ஓடியதால் ஜெயித்த குதிரை! கடைசி பெஞ்ச் சங்கம் சார்பாக அதற்கு ஒரு சிலை.

குத்துமதிப்பு:
இவ்வளவு நீளத்துக்கு ஏன்? தமிழில் குத்துமதிப்பு என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுமே. குத்துமதிப்பாகச் செய் என்கிறார் அந்த அம்மா. (என் பெயரைப் பாருங்கள், எனக்குச் சொல்ல உரிமை உண்டு.)

கிண்டி ரயிலடி:
உரிமை உண்டு, பொருள் தவறு. குத்துமதிப்பு என்பது அளவு சொல்வது. இந்தக் கல்யாணத்துக்கு எத்தனை இலை விழும் என்றால் குத்துமதிப்பாக 600 என்போம். அதற்கு ஆங்கிலத்தில் பால்பார்க் ஃபிகர் இருக்கிறது, அது பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்தது. குத்துமதிப்புச் சொல்ல வாய் போதும். பண்ட்டுக்குக் காசு வேண்டும். நான் 600 என்று சொன்னால் அது குத்துமதிப்பு, 600 இலைக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன் என்றால் அது பண்ட். ஊகம் மட்டும் இருந்தால் போதாது, ஊகத்தின் தலையில் எதையாவது வைக்க வேண்டும். மெல்பர்ன் அக்கா சொன்ன 'ஐ வில் டேக் எ பண்ட், 1950?' என்பதில்கூடத் தப்பாகப் போனால் சிரிப்பார்கள் என்ற சின்னப் பந்தயம் ஒளிந்திருக்கிறது.

அதோடு பண்ட் முழுக் குருட்டடியும் இல்லை, ஈஸ்ட்ஹாம் அண்ணன் சொன்ன கணக்கு விஷயத்தை நான் வழிமொழிகிறேன். எங்கள் சித்தப்பா கிண்டிக்குப் போகும் நாளில் முதல் நாள் ராத்திரியே புத்தகத்தை விரித்துக்கொண்டு எந்தக் குதிரை போன மாதம் எத்தனை எடையோடு ஓடியது, ஜாக்கி யார் என்று சி.ஏ. பரீட்சைக்குப் படிப்பதுபோல் படிப்பார். குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டமா திறமையா என்று தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றமே திறமைதான் முக்கியம் என்று தீர்ப்புச் சொன்னது. சித்தப்பா அந்தப் பேப்பர் துண்டைப் பர்ஸில் வைத்திருந்தார். திறமை இருந்தும் வாடகை வீட்டில்தான் காலத்தை ஓட்டினார் என்பதைச் சித்தி சொல்லிக் காட்டுவார். இப்போது கிண்டியிலும் ஓட்டம் இல்லை. பண்டர் என்ற சொல் மட்டும் நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகைகளின் பங்குச் சந்தைப் பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

யாராக் கரை:
அப்படியானால் தமிழில் சரியான சொல் எது? 'ஒரு கை பார்ப்போம்' என்பதில் சண்டைக் களை வந்துவிடுகிறது. 'இருட்டில் கல்லெறிவது' என்றால் முழு முட்டாள்தனம் போல ஒலிக்கிறது.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:
'ஒருக்கா விட்டுப் பார்ப்பம்'?

சாக்பீஸ்:
நம் ஊர்ப் பழமொழி ஒன்று அளந்து வைத்தாற்போல் இருக்கிறது. வகுப்பில் முழுதாகச் சொல்ல முடியாமல் 34 வருடம் விழுங்கிக்கொண்டிருந்தேன், இங்கே சொல்கிறேன். மயிரைக் கட்டி மலையை இழுப்போம், வந்தால் மலை, போனால் மயிர். வைப்பது அற்பம், வந்தால் பெரியது, போனாலும் அழ மாட்டோம் என்று முன்னாலேயே முடிவு செய்தாயிற்று. பண்ட்டின் மூன்று அங்கமும் இதில் இருக்கின்றன.

கிண்டி ரயிலடி:
சார், ஒரு சின்ன மறுப்பு. பழமொழியில் எதிரே இருப்பது மலை, அது சும்மா நிற்கிறது. பாரோவில் எதிரே இருப்பது பாங்கர், அவருக்கு அந்தப் பாதிக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

சாக்பீஸ்:
ஒப்புக்கொள்கிறேன். சொல்லப்போனால் அந்தப் பாதிக் கணக்கை அந்தக் காலத்திலேயே போட்டுப் பார்த்துவிட்டார்கள். பிரான்சிலிருந்து மதத்தின் பேரால் விரட்டப்பட்டு லண்டனுக்கு வந்த தெ முவாவ்ர் என்ற கணித மேதை, நிகழ்தகவு பற்றி 1718இல் வெளியிட்ட புத்தகத்தில் பாரோவை எடுத்துப் பிரித்து மேய்ந்திருக்கிறார். கட்டுகிறவனை அவர் பொன்த் என்றே குறிப்பிடுகிறார் என்பது நம் இழைக்குக் கூடுதல் சாட்சி. மேசைக்கு வரும் ஒவ்வொரு 100 பவுண்டிலும் 3 பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகப் பாங்கருக்கு நிற்கும் என்று கணக்குக் காட்டினார். ஆனாலும் யாரும் கட்டுவதை நிறுத்தவில்லை, ஆனால் பாங்கராக உட்காரப் போட்டி வந்தது. சார்ல்ஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்ற பெரிய அரசியல்வாதியே லண்டன் கிளப்பில் பாரோ பாங்கி நடத்தியிருக்கிறார். பிரபு வீட்டுப் பெண்கள் சிலர் வீட்டிலேயே மேசை போட்டுவிட்டார்கள். அவர்களைப் பாரோவின் மகள்கள் என்று கிண்டல் செய்து, குற்றவாளிகளை நிறுத்தும் கட்டையில் மாட்டி நிற்பதுபோல் கில்ரே 1796இல் கேலிச்சித்திரம் போட்டார்.

பிரமிடு பைத்தியம்:
பாரோவின் மகள்கள்! பாருங்கள், கடைசியில் எகிப்து வந்துவிட்டது. ஹட்ஷெப்சுட்டும் பாரோவின் மகள்தான்.

சாக்பீஸ்:
தம்பி, உட்காரும்.

அரைவேக்காடு:
அயர்லாந்துப் பணத்துக்கும் பண்ட் என்று பெயர் இருந்ததே, யூரோ வருவதற்கு முன்னால். பணம், பந்தயம். இதுவாவது தொடர்புள்ளதா?

ஈஸ்ட்ஹாம் அண்ணை:
இல்லை. பவுண்டு என்பதை ஐரிஷ்காரர் தங்கட மொழியில் சொல்லும் விதம், அவ்வளவுதான். 2002இல் யூரோத் தாள் வந்ததோடு கைக்காசாக அது முடிந்தது. ஆனால் ஒரு வேடிக்கை உண்டு. 1992 கடைசியில் நாணயச் சந்தைக்காரர் எல்லாம் சேர்ந்து ஐரிஷ் பண்ட் விழும் என்று காசு கட்டினார்கள். அரசாங்கம் மாதக்கணக்கில் வட்டியை ஏற்றி ஏற்றிப் பிடித்துப் பார்த்தது. கடைசியில் 1993 ஜனவரியில் 10 சதவீதம் இறக்க வேண்டி வந்தது. சரித்திரத்தில் பண்ட் மேலேயே பண்ட் கட்டிக் காசு பார்த்த ஆட்கள் அவர்கள்தான்.

அரைவேக்காடு:
இதற்காகவே கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் ஷிஃப்ட்:
எல்லாருக்கும் நன்றி, முடிவைச் சொல்லிவிடுகிறேன். நேற்றுச் சாயங்காலம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மூவரும் இருக்கும் அழைப்பில் கேட்டுவிட்டேன். நேராகக் கேட்கவில்லை. நீங்கள் சொன்னபடி வேலையைத் தொடங்கும் தேதியை உறுதி செய்துகொள்ளலாமா என்றேன். மெல்பர்ன் அம்மா ஆமாம், திங்கள் என்றார். டெக்சாஸ் ஐயா எந்த வேலை என்றார். அப்புறம் ஒரு நீண்ட மௌனம். இருவரும் அந்த மெயிலைத் திறந்து திரும்பப் படிப்பது கேமராவில் தெரிந்தது. அம்மா சிரிக்க ஆரம்பித்தார், ஐயா சிரிக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. சாக்பீஸ் சார் சொன்ன பாரோ கதையை இரண்டு வரியில் எடுத்துவிட்டேன், எனக்கு ஏதோ பெரிய மரியாதை வந்தமாதிரி தெரிகிறது.

கடைசியில் பேசி, முழுதாக வேண்டாம், ஐந்து சதவீதப் பயனாளர்களுக்கு மட்டும் புதிய பக்கத்தைக் காட்டிப் பார்ப்போம் என்று முடிவானது. அண்ணை சொன்ன கனக் கணக்கில் பண்ட் இறங்கி வந்துவிட்டது. இன்று காலை மெல்பர்ன் அம்மா அதை உறுதி செய்து மெயில் போட்டிருக்கிறார். இனி குழப்பம் வேண்டாம் என்று பண்ட் என்ற சொல்லையே தவிர்த்து, 'ஜஸ்ட் எ லிட்டில் ஃபிளட்டர்' என்று எழுதியிருக்கிறார்.

அதைப் படித்துவிட்டு, அன்றைக்கு ஃபண்ட் வந்ததா என்று கேட்ட அதே தம்பி என் மேசைக்கு ஓடிவந்தான். கட்டணப் பக்கத்தை இப்போது ரியாக்டில் எழுதிக்கொண்டிருக்கிறோமே, முழுவதையும் கூகுளின் ஃபிளட்டர் என்ற மென்பொருள் கருவியில் மாற்றி எழுதச் சொல்கிறார்களா, அதற்கு எத்தனை நாள் கேட்கலாம் என்றான்.

கடைசி பெஞ்ச்:
குத்துமதிப்பாக எத்தனை நாள் சொன்னீர்கள்?